ஒரே ஆளுக்கு இரண்டு நிற ஓரம்

தம்பி,

அம்மா எழுதுகிறேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமா என்பதிலும் எனக்குச் சந்தேகம். நீ அனுப்பிய சி.டி. போன வாரம் வந்து சேர்ந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று திருக்கடையூரில் எடுத்த குரூப் போட்டோவில் உனக்காக ஓர் இடம் விட்டிருந்தோம் அல்லவா, அதில் ஒட்டுவதற்காக உன்னை நீயே வெட்டி அனுப்பியிருந்தாய். ‘ரூம் சுவருக்கு முன்னாடி நின்னு எடுத்தது. பேக்ரவுண்டை நானே எடுத்துட்டேன்மா, உனக்கு வேலை மிச்சம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. என் வேலையை மிச்சப்படுத்த வேண்டும் என்று நீ என்றைக்கு நினைத்திருக்கிறாய்? சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவியதில்லை. அந்தச் சீட்டைப் படித்ததுமே எனக்கு முதல் சந்தேகம் விழுந்துவிட்டது.

சந்தேகம் என்றதும் நீ சிரிப்பாய். நான் சந்தேகக்காரி என்பது பூதலூர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிய பிறகு கடைக்காரரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும் எனக்கு. பால்காரர் மழை நாளில் வந்தால் பாலுக்குள் மழையா, மழைக்குள் பாலா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். ‘உங்கம்மா நம்புறது சாமியை மட்டும்தான், அதுவும் செவ்வாய், வெள்ளி மட்டும்தான்’ என்று அப்பா வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படியில்லை. யார் வந்து என்ன சொன்னாலும் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். ஒரு வீட்டில் இரண்டு பேரும் அப்பாவிகளாக இருந்தால் குடும்பம் நடக்காது என்பதால் அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட்டேன் என்று வைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் தொழில்தான் காரணம். முன்னறையில் அப்பா கேமராவோடு நிற்பார், பின்னறையில் நான் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் நம் ஸ்டுடியோவில் கல்யாண ஆர்டர் குறையும், பாஸ்போர்ட் போட்டோ கூடும். நடவு நட்ட கைகளும் டிராக்டர் ஓட்டிய கைகளும் வெள்ளைத் திரைக்கு முன்னால் வந்து விறைப்பாக உட்காரும். கொஞ்ச நாளில் அவர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுவார்கள். அதன் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வந்தால், போனவனும் போட்டோவில் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகத்தான் இடம் விட்டு எடுக்கும் வழக்கம் வந்தது. வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எல்லோரும் நிற்பார்கள். அவன் அங்கிருந்து அனுப்புகிற படத்தை வெட்டி நான் அந்த இடத்தில் ஒட்டுவேன்.

அய்யம்பேட்டை ஜவுளிக்கடை பாயை உனக்கு நினைவிருக்கும். மூன்று மகன்கள், மூன்று தேசத்தில். பேத்தியின் காதுகுத்துக்கு மூன்று இடம் விட்டு எடுக்கச் சொன்னார். “நடுவுல உள்ளவன் கொஞ்சம் குண்டுங்க. அவனுக்குத் தாராளமா எடம் விடுங்க” என்று அப்பாவிடம் சொல்லி, வரிசையை இன்னும் தள்ளி நிற்க வைத்தார். நான் அப்போதுதான் தொழில் பழகிய புதிது. வெட்டி ஒட்டிக் கொடுத்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “என்னம்மா இது, எம் புள்ளைங்க மூணு பேரும் ட்யூப் லைட்டை முதுகுல கட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கானுங்களே” என்றார். தலையைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் வெள்ளையாக ஓர் ஓரம். வெட்டும்போது அவர்களுக்குப் பின்னால் இருந்த வெளிச்சம் ஒரு நூல் அளவுக்கு அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து ஓரம்தான் என் தொழில்.

நீ கல்லூரி விட்டு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நாட்களில் நான் சொன்னதையெல்லாம் இப்போது திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் தெரியும். பின்னணியை ரப்பரால் அழிக்காதே என்றேன். அழித்தது போனால் போனதுதான். ஒரு முடிக்கற்றை தப்பிப் போனாலும் திரும்ப வராது. மாஸ்க் போட்டு மறை. மாஸ்க் என்பது படத்தின் மேல் விரிக்கிற போர்வை மாதிரி. கறுப்பு அடித்த இடம் மறையும், வெள்ளை அடித்த இடம் தெரியும். உள்ளே படம் முழுசாக அப்படியே இருக்கும். ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் மாஸ்க்கை ஒரு புள்ளி உள்ளே இழு. ரொம்ப இழுத்தால் காது போய்விடும், ஜாக்கிரதை. பிறகு விளிம்பைக் கொஞ்சமாக மழுக்கு. அப்படியும் முடிநுனியில் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால் சின்ன பிரஷ்ஷை எடுத்து அந்த முடியின் நிறத்தையே மேலே மெல்லப் பூசு. அடியில் ஒரு தடவை கறுப்பு வைத்துப் பார், ஒரு தடவை வெள்ளை வைத்துப் பார். எது ஒளிந்திருந்தாலும் இரண்டில் ஒன்றில் அகப்படும். வேலை முடிந்தாலும் மாஸ்க்கை நிரந்தரமாக்கிவிடாதே, அடுத்து வேலை பார்க்கிறவருக்குத் திருத்த வழி இருக்கட்டும். இத்தனையும் சொன்னேன். நீ ‘உம், உம்’ என்று கேட்டுக்கொண்டே கடலை தின்றாய்.

ஓரத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஊர் பிடிபட்டது. அரபு நாட்டில் ராத்திரி விளக்கில் எடுத்தவனுக்கு ஓரம் மஞ்சளாக வரும். கடற்கரையில் நின்றவனுக்கு நீலமாக வரும். பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றவனுக்குக் காது மடல்கூடப் பச்சையாக இருக்கும். ஆள் எங்கே நின்றான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் புத்தி ஒரு தடவை என்னைக் குழியிலும் தள்ளியது. உன் பெரியம்மா மகளுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை போட்டோ வந்தபோது, உயரமான கட்டடத்துக்கு முன்னால் நின்ற அவரைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்ததைப் பார்த்துவிட்டு, ‘ஒட்டு வேலை, இவன் சிங்கப்பூரே போகவில்லை’ என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூரில் பெரியம்மா வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. பிறகு நிதானமாகப் பார்த்தால் கட்டடத்துக்கும் அதே கோடு, விளக்குக் கம்பத்துக்கும் அதே கோடு. யாரோ படத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகக் கூர்மையை அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறார்கள். ஒட்டு வேலையாக இருந்தால் ஆளைச் சுற்றி மட்டும்தானே ஓரம் இருக்கும். கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை தங்கமானவர். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கையை நீட்டி, “அசல்தான் சித்தி, வேணும்னா கிள்ளிப் பாத்துக்கங்க” என்பார். அதிலிருந்து ஒரே ஒரு தடயத்தை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

உன் விஷயத்திலும் அப்படித்தான் பொறுத்தேன். நீ துபாய் போன புதிதில் வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்வாய், அங்கே அன்றைக்குத்தான் லீவு என்பாய். இந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு உன் போன் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. கேட்டேன். ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள் என்றாய். சரி, இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் பஸ் கண்டக்டர் விசில் கேட்டது. “டிவிம்மா” என்றாய். துபாயில் தமிழ் டிவி தெரியாதா என்ன, அதுவும் சரி. அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தன நிறச் சட்டை எடுத்தோம். உனக்கும் ஒன்று அனுப்ப விலாசம் கேட்டேன். திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு கலர் லேப் விலாசம் கொடுத்து, லீவில் வந்திருக்கிற நண்பனின் பெயரைச் சொன்னாய், அவன் திரும்பும்போது கொண்டு வந்துவிடுவான் என்றாய். இப்போது சி.டி. வந்த கவரிலும் திருச்சி முத்திரை. மறுபடியும் அதே நண்பன், மறுபடியும் லீவு. எந்தக் கம்பெனியடா அது, அவனுக்கு மட்டும் லீவாகக் கொடுத்துவிட்டு, பெற்ற அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு உனக்கு ஒரு நாள் கொடுக்காத கம்பெனி?

திருக்கடையூரில் நடந்ததை நான் போனில் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. கலசத் தண்ணீர் ஊற்றி, மாலை மாற்றி, அப்பா எனக்கு மறுபடியும் தாலி கட்டி முடித்ததும், ஈரத் தலையோடு எல்லோரையும் மண்டபத்தில் நிறுத்தினார்கள். மாயவரத்திலிருந்து வந்த போட்டோகிராபர் பையன் நெருங்கி நில்லுங்கள், நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்பா தன் வலது பக்கம் கையை நீட்டி, “இங்க ஒரு ஆள் நிக்கிற எடம் விடுங்க” என்றார். உன் அத்தை வீட்டு மாமா இருக்கிறாரே, காலியிடம் என்றால் அவருக்குப் பொறுக்காது. பஸ்ஸில் துண்டு போடுகிறவர் மாதிரி அந்த இடத்துக்குள் வந்து வந்து நின்றார். அப்பா ஒவ்வொரு தடவையும் அவர் தோளைப் பிடித்து மெதுவாகத் தள்ளிவிட்டார். கடைசியில் மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “வராதவனுக்கு எடம், வந்தவனுக்கு இடி” என்று முணுமுணுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சி.டி.யைப் போட்டேன். உன்னை எடுத்துக் கொண்டுபோய் அப்பாவுக்கு வலது பக்கம் வைத்தேன். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பார்த்த மாத்திரத்தில் உன் கைவேலை தெரிந்தது. மாஸ்க்கை உள்ளே இழுத்து, மழுக்கி, முடியை முடியாக எடுத்திருந்தாய். அவ்வளவு பாடுபட்டிருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. நான் ஒட்டப்போகிற படத்துக்கு நீ எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பெரிதாக்கிப் பார்த்தேன். தலைமுடியின் வலது பக்கம் நூல் அளவுக்கு ஓரம் மிச்சமிருந்தது. மேகம் போட்ட வானம் மாதிரி சாம்பல் வெளுப்பு. இடது தோள் பக்கமும் மிச்சமிருந்தது. அது வேறு நிறம், காவி கலந்த பழுப்பு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே சுவருக்கு முன்னால் நின்றவனுக்கு ஓரம் ஒரே நிறத்தில்தானே இருக்க வேண்டும்? கறுப்பு வைத்துப் பார்த்தேன், வெள்ளை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வானம், ஒரு பக்கம் பழுப்பு. நீ நின்றது அறைக்குள் இல்லை.

அதன் பிறகு நான் செய்ததை நீ ஊகித்திருப்பாய். நான் சொல்லிக் கொடுத்தபடியே மாஸ்க்கை நிரந்தரமாக்காமல் அப்படியே உயிரோடு அனுப்பியிருந்தாய். பழக்கதோஷம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் மேல் ஒரு கிளிக் செய்தால் போதும், போர்வை விலகிவிடும். எத்தனையோ பேர் படத்தில் அதைச் சர்வசாதாரணமாகச் செய்திருக்கிறேன். உன் படத்தில் செய்ய எனக்குத் தயக்கமாக இருந்தது. மகன் மூடி வைத்ததைத் திறந்து பார்க்கிற அம்மாவாக வேண்டுமா என்று யோசித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அழுத்திவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நீ மலைக்கோட்டையை மறைக்கப் பார்த்திருக்கிறாய். உன் இடது தோளுக்குப் பின்னால் பாறையும், அதன் மேல் உச்சிப்பிள்ளையார் கோயிலும் அப்படியே நின்றன. ஏதோ ஒரு மொட்டை மாடி. கொடியில் காய்கிற லுங்கி, ஒரு தண்ணீர்த் தொட்டி. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தால் ஓரம் வெளுக்கும், மேகமூட்டத்தில் வெட்டவெளியில் எடு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதனால்தான் நீ மாடிக்கு ஏறியிருக்கிறாய். துபாய் போவதற்கு முன்னால் எடுத்த பழைய படமாக இருக்குமோ என்று என் மனசு ஒரு நிமிஷம் உனக்கு வக்கீலாக நின்று பார்த்தது. ஆனால் நீ போட்டிருந்தது நான் அனுப்பிய சந்தன நிறச் சட்டை. அறுபதாம் கல்யாணத்தன்று நாங்கள் உனக்காக இடம் விட்டு நின்றபோது நீ பாசஞ்சர் ரயில் தூரத்தில் இருந்திருக்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ‘துபாய்ல பெரிய விளம்பர போர்டு கம்பெனிங்க, எம் பையன் கை வைக்காம ஒரு போர்டு வெளிய போவாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? தாங்க மாட்டார் என்று நினைத்தேன். தஞ்சாவூரில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் எதிர்ப்பக்கம், திருச்சி போகிற ரயிலில் ஏறினேன். வழியெல்லாம் என்னென்னவோ ஓடியது மனசில். யாரையாவது கல்யாணம் செய்துகொண்டாயா, போலீஸ் கேஸா, உடம்புக்கு ஏதாவதா? சட்டை எடுக்கும்போது உன் அளவைச் சொன்னாயே, முன்பு இருந்ததைவிட ஒரு சைஸ் குறைத்துச் சொன்னாய். அதையும் அப்போதே கவனித்தேன்.

லேப் மாடியில் இருந்தது. படியேறி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தூணோரம் நின்றேன். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். உன் முதுகு எனக்குத் தெரியாதா? ஒரு கல்யாணப் பெண்ணின் தலையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பூச்சரத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைவிடச் சின்னவன் ஒருவன் பின்னால் வந்து நின்றான். “இன்னும் ஓரம் தெரியுது பாருங்க, உள்ள தள்ளுங்க” என்றான். நீ, “தள்ளுனா பூ போயிரும் சார்” என்றாய். “சொல்றதைச் செய்யுங்க” என்றான். “சரிங்க சார்” என்றாய். எனக்கு உள்ளே போய் அவன் காதைத் திருகலாம் போல இருந்தது. நீ சொன்னதுதான் சரி. மாஸ்க்கை இனி உள்ளே இழுத்தால் மல்லிகை போய்விடும், பிரஷ்ஷால் நிறம் பூசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் நான் போகவில்லை. கீழே இறங்கி, எதிர்ச்சாரியில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்து, இட்லிப் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல நின்றேன். கடைக்காரருக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. “வாங்குறீங்களா, யாரையாச்சும் தேடுறீங்களாம்மா?” என்றார். ஒரு கரண்டியை எடுத்து பில் போடச் சொன்னேன்.

அப்போது நீ டீ குடிக்க இறங்கி வந்தாய். படிவாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாய். வண்டிக்காக அல்ல, ஆளுக்காகப் பார்த்தாய். ஊர்க்காரர் யாராவது வருகிறார்களா என்று. பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனாய். அங்கேயும் டீயை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடித்தாய். எத்தனை மாதமாக அப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறாய்? என்னுடைய சந்தேகத்தால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, தேங்காய்க்காரருக்குக் கொஞ்சம் நேரம் போகும், அவ்வளவுதான். உன்னுடையது உன்னையே தின்கிறது. கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டால் நீ டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடுவாய் என்று பயமாக இருந்தது. நீ மறுபடியும் படியேறிப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துபாயில் என்ன நடந்தது, ஏன் திரும்பி வந்தாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நீயாகச் சொல்லாமல் கேட்கப் போவதும் இல்லை. என்னால் கேட்காமல் இருக்க முடியுமா என்று உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும், உன் ரத்தத்தில் அது இல்லாமல் போகுமா? ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் குரூப் போட்டோவில் உன்னை நான் ஒட்டவில்லை. ஓரம் சுத்தமாக எடுத்து, அப்பா பக்கத்தில் நிழலெல்லாம் சரியாக விழுந்து, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி என்னால் ஒட்ட முடியும். அது நடுவீட்டில் மாட்டியிருக்கும், வருகிறவர்கள் பையன் நன்றாக இருக்கிறான் என்பார்கள், நீ திருச்சியில் சுவரைப் பார்த்து டீ குடித்துக்கொண்டிருப்பாய். அந்த வேலையை நான் செய்ய மாட்டேன்.

பூதலூரில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பியிருந்தார். பெரியம்மா எப்படி இருக்கிறாள், என்ன பேசினோம், இந்தக் கரண்டி தஞ்சாவூரில் எந்தக் கடையில் வாங்கியது என்று எல்லாவற்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்த என்னை நிமிர்ந்து பார்த்து, “சாப்பிட்டானா?” என்றார்.

எனக்குக் கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. “யாரு?” என்றேன். “நம்ம பையன்தான். நீ திருச்சி ரயில்ல ஏறுனதைக் கடைக்கு வந்தவர் ஒருத்தர் சொன்னாரு” என்றார். ஆடி மாதம் போட்டோ பேப்பர் வாங்கப் போனபோது சிங்காரத்தோப்பில் உன்னைப் பார்த்தாராம். நீ அவரைப் பார்த்துவிடக்கூடாது என்று ஒரு பழவண்டிக்குப் பின்னால் குனிந்து நின்றாராம். “பாத்துட்டா அவனுக்கு வெக்கமாப் போயிரும்ல” என்றார். அதற்குப் பிறகு பேப்பர் தீராதபோதும் பேப்பர் வாங்கப் போயிருக்கிறார். போய், பார்த்துவிட்டு, வந்திருக்கிறார். “அப்புறம் எதுக்குங்க ஊரெல்லாம் துபாய் துபாய்னு சொல்லிட்டிருந்தீங்க?” என்று கேட்டேன். “நான் சொல்லிட்டே இருந்தாத்தான் அவன் வர்றப்ப துபாய்லேருந்து வந்த மாதிரி தலை நிமிந்து வரலாம்” என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். “உனக்குத் தெரிஞ்சா அன்னிக்கே போய் நிப்ப. அவனா வரட்டும்னு பாத்தேன்” என்றார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கிற இந்த மனுஷனை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை.

இந்தக் கடிதத்தைத் துபாய் விலாசத்துக்கு அனுப்பவில்லை. சிங்காரத்தோப்பு விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், உன் பெயரைப் போட்டு. வரும்போது பெட்டி, சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம் என்று கடையில் தேடி வாங்கிக்கொண்டு வந்து நாடகம் போடாதே. உடுத்தின துணியோடு வா. ஊருக்கு என்ன சொல்வது என்பதை அப்பா பார்த்துக்கொள்வார். அதில் அவர் நம் இரண்டு பேரையும் விடக் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ‘சாப்பிட்டானா’ என்று அவர் கேட்டது அப்படியே நிற்கிறது. எதிர்ச்சாரியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன், அதை மட்டும் பார்க்கவில்லை. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கிறார். நீயே வந்து அவரிடம் சொல்லிவிடு.

அம்மா